கொல்லையில் நின்றுபோன பழைய வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காலத்தில் வீட்டுக்கே பெருமையாக இருந்த கார், ஜீப், வேன் ஏதோ ஒன்று இப்போது கொல்லை மூலையில் புல் மூடிக் கிடக்கும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று விட்டது ஆண்டுக்கணக்காகியிருக்கும். அப்படி ஒரு வண்டியை வைத்திருப்பவர்களும், வாங்கிய நிலத்தோடு சேர்த்து அப்படி ஒன்றைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஓட வைக்கப் போகிறீர்களா, பாகம் பாகமாகக் கொடுக்கப் போகிறீர்களா, இரும்புக்குப் போடப் போகிறீர்களா, நினைவாக வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்பது உங்கள் விருப்பம். எதுவானாலும் சீக்கிரம் முடிவெடுங்கள் என்பதுதான் என் ஒரே வற்புறுத்தல். ஒவ்வொரு மழைக்காலமும் இந்த வழிகளில் ஒன்றை அடைத்துவிட்டுப் போகிறது.

சும்மா நிற்கும் வண்டி ஏன் ஓடும் வண்டியைவிட வேகமாகக் கெடுகிறது?

ஓடும் வண்டி தன்னைத் தானே பராமரித்துக்கொள்கிறது. இன்ஜின் சூடு உள்ளே தங்கிய ஈரத்தை விரட்டும். ஆயில் எல்லா இடத்திலும் புதிதாகப் படியும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டிஸ்க்கில் படிந்த லேசான துரு தேய்ந்து போகும். பேட்டரி சார்ஜ் ஆகும். டயர் ரப்பரில் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, சக்கரம் உருண்டு டயர் மடங்கி நிமிரும்போது மேற்பரப்புக்கு நன்றாக வரும்.

நிறுத்திவிட்டால் இவை அத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. ஆயில் மெல்ல வடிந்து கீழே இறங்கிவிடும், சிலிண்டர் சுவர் வெறும் இரும்பாக நிற்கும். ஆயில் சீல்கள் காய்ந்து சுருங்கும். இரவுக் குளிரில் உலோகத்தின் மேல் பனி வேர்க்கும், காலையில் உலரும், மறுபடி வேர்க்கும். மழையே பெய்யாத மாதங்களிலும் துரு வேலை செய்வது இப்படித்தான். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு அரிக்கத் தொடங்கிவிடும். கடற்காற்று அடிக்கிற இடமாக இருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் வேகத்தைக் கேட்கவே வேண்டாம்.

வெளியே பார்த்தால் வண்டி நன்றாகத்தானே இருக்கிறது? துரு எங்கே ஒளிந்திருக்கும்?

கதவின் நடுப்பகுதி, கூரை, பானெட்டின் மேல்பக்கம் இவைதான் கண்ணில் படுகிற இடங்கள். கடைசியாகக் கெடுகிற இடங்களும் இவைதான். அதனால் வண்டியை நின்றுகொண்டு பார்க்காதீர்கள், குனிந்து பாருங்கள்.

முதலில் உள்ளே கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்குங்கள். முன் கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் டேஷ்போர்டின் பின்னால் வழிந்து நேராக இங்கேதான் வந்து தேங்கும். விரிப்பின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பட்டை ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைக்கும். கையில் அழுத்தினால் கறுத்த தண்ணீர் பிதுங்கும், அதன் கீழே தகடு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். சில வண்டிகளில் அந்த ஓட்டை வழியே கீழே முளைத்த புல்லையே பார்க்கலாம்.

அடுத்து கதவின் அடி விளிம்பு. கண்ணாடி ஓரமாக இறங்கும் தண்ணீர் வெளியேற அங்கே சின்னச் சின்ன துளைகள் வைத்திருப்பார்கள். தூசியும் சருகும் அதை அடைத்துவிட்டால் கதவே தொட்டியாகிவிடும். கதவுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்கு ஓடும் பெட்டி போன்ற பகுதி, சக்கர வளைவின் உள்பக்கம், பேட்டரி உட்காரும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், ஜாக் முட்டுக் கொடுக்கும் இடங்கள் என்று வரிசையாகப் பாருங்கள்.

பெயின்ட்டில் பருக்கள் போல எழும்பியிருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். துருவுக்கு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால்தான் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு புடைக்கிறது. காரின் வெளித்தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான், 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர். பரு தெரிகிற நேரத்தில் பின்னால் மிச்சமிருப்பது பெரும்பாலும் காகிதக் கனம்தான். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மொத்தென்று கேட்கும். சந்தேகம் இருந்தால் முனையால் அழுத்துங்கள். உள்ளே போய்விட்டால் பதில் கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பழைய ஜீப், லாரி, டிராக்டர் போன்றவற்றில் தடித்த அடிச்சட்டம் (சேஸிஸ்) தனியாகவும் உடல் தனியாகவும் இருக்கும். உடல் ஓட்டையானாலும் சேஸிஸ் தாங்கும், தகடு வேலை செய்து மீட்டுவிடலாம். பெரும்பாலான கார்களில் உடலே சேஸிஸ். அதில் அடிப்பகுதி போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. பட்டி பூசிப் பெயின்ட் அடித்து அதை மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டி மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்க எதுவும் இருக்காது.

தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. பல சமயம் மூடாமல் விட்டிருந்தாலே பரவாயில்லை என்று ஆகிவிடும். பிளாஸ்டிக் தார்ப்பாய் மேலிருந்து வரும் மழையைத் தடுக்கும், ஆனால் மண்ணிலிருந்து மேலே எழும் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். காற்றில் அது படபடத்து உரசி, மண் துகளோடு சேர்ந்து பெயின்ட்டையும் தேய்க்கும்.

வேண்டியது கூரை. நான்கு கால் நட்டு மேலே தகரமோ ஓலையோ போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டால் போதும். வண்டியின் அடியில் மண் இருக்கக் கூடாது. சிமெண்டுத் தளம் முடியாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் ஜல்லி, சக்கரங்களுக்குக் கீழே பலகை என்றாவது செய்யுங்கள். சுற்றிலும் புல்லை வெட்டி விடுங்கள்.

அலுமினிய உடல், ஃபைபர் உடல் வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லைதானே?

பாதிக் கவலைதான் குறையும். கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை தயாரான டிராபன்ட் காரின் வெளித்தோல், பஞ்சு நாரையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த டியூரோபிளாஸ்ட். அது துருப்பிடிக்காது. ஆனால் அதைத் தாங்கும் உள் எலும்பு எஃகுதான், அது சத்தமில்லாமல் அரித்துப்போகும். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பழைய லேண்ட் ரோவர்களில் இணைப்பு இடங்களைப் பார்த்தால் இது தெரியும்.

துத்தநாகம் பூசிய எஃகு நல்ல பாதுகாப்பு. போர்ஷே 911 எழுபதுகளின் நடுவிலும், ஆடி 100 எண்பதுகளின் நடுவிலும் இதற்கு மாறின. அதற்குப் பின் வந்த பல கார்கள் கூடுதல் காலம் தாங்குகின்றன. ஆனாலும் வெட்டுப்பட்ட, வெல்டிங் செய்த இடங்களில் பூச்சு போயிருக்கும். அங்கே துரு நுழைந்துவிடும்.

வண்டியில் மிச்சமிருக்கும் ஆயில், பெட்ரோல் எல்லாம் மண்ணைக் கெடுக்குமா?

கெடுக்கும். இந்தப் பக்கத்தில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: வண்டியிலிருக்கும் திரவங்களை வடித்துவிடுங்கள். வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்ற முடிவுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

நிற்கும் வண்டிக்குள் பெட்ரோல் அல்லது டீசல், இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், பேட்டரி அமிலம் எல்லாம் இருக்கின்றன. ரப்பர் குழாய் ஒன்று வெடித்தால், தொட்டியின் அடியில் ஊசி முனை ஓட்டை ஒன்று விழுந்தால், அது மண்ணுக்குள் போகும். கிணறு பக்கத்தில் இருந்தால் நீங்கள் குடிக்கும் தண்ணீருக்கே வரலாம். சுவிட்சர்லாந்தில் காஃப்டார்ஃப் என்ற ஊரில் பல்லாண்டுகளாகக் காட்டுக்குள் நின்ற நூற்றுக்கணக்கான பழைய கார்கள் 2009இல் ஏலம் விடப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டன. அந்தக் காட்சியை ரசித்து ஊர் ஊராக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் சுற்றுச்சூழல் விதிகளே இறுதியில் வென்றன. வருத்தமாக இருந்தாலும் எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது.

பேட்டரியில் தொடங்குங்கள். நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவ். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த பேட்டரியைச் சாய்க்காமல் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து எடுங்கள். அடுத்து பெட்ரோல். காற்றோட்டமான வெளியில், பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாமல், உலோகக் கேனில் எடுக்க வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள், கைப்பம்பு போதும். காலித் தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்து என்பதை மறக்க வேண்டாம். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். அதன் அருகே கேஸ் கட்டிங், வெல்டிங் எதுவும் கூடாது.

கூலன்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்டது. நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் பழுதாகி உயிர் போய்விடும். ரேடியேட்டரின் அடியில் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ தேங்கியிருந்தால் உடனே மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

ஒவ்வொரு திரவத்தையும் தனித்தனிக் கேனில் பிடித்து, எழுதி ஒட்டி வையுங்கள். கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். ஏசி குழாயை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் வரை வந்த வண்டிகளில் இருக்கும் ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைத் தின்னும், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்ததே இந்த மாதிரி வாயுக்களைக் கட்டுப்படுத்தத்தான். பின்னால் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கருவி வைத்திருக்கும் ஏசி மெக்கானிக் அதை உறிஞ்சி எடுக்கட்டும்.

பாம்பு, எலி, கொசு எல்லாம் வருகின்றன. என்ன செய்வது?

எலி முதலில் வரும், அதைத் தேடிப் பாம்பு வரும். சீட்டுப் பஞ்சும் பானெட்டின் அடியிலுள்ள விரிப்பும் எலிக்குக் கூடு கட்டத் தோதானவை. வயரின் தோலைக் கடித்து வைத்திருக்கும் என்பதால், பேட்டரி மாட்டும் முன் வயரிங்கை முழுக்கப் பார்க்காவிட்டால் தீப்பிடிக்கலாம். எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் நோய் தொற்றலாம். கிருமிநாசினி தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு துணியால் அள்ளுங்கள். கதவைத் திறக்கும் முன் நீளக் கம்பால் தட்டிச் சத்தம் கொடுங்கள். கைப்பிடி இடுக்கு, கண்ணாடிக் கூடு, எரிபொருள் மூடியின் உள்பக்கம் இவை குளவிக்குப் பிடித்த இடங்கள்.

கொசுதான் உண்மையில் பெரிய பிரச்சினை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கழற்றிப் போட்ட டயரைப் போல வசதியான இடம் கிடையாது. டயரை எப்படிப் போட்டாலும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும், நிழல் இருக்கும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். ஏடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு கண்டம் விட்டுக் கண்டம் போனதே பெரும்பாலும் பழைய டயர் வணிகத்தின் வழியாகத்தான். அமெரிக்காவில் அது நிலைகொண்டதை 1985இல் ஹூஸ்டன் பகுதியில் கண்டுபிடித்தார்கள். எனவே கழற்றிய டயரைக் கூரையின் கீழ் வையுங்கள், அல்லது கொடுத்துவிடுங்கள். வண்டியில் மாட்டியிருக்கும் டயர் அவ்வளவு மோசமில்லை, ஆனால் டிக்கிப் பள்ளம், உடைந்த விளக்குக் கூடு, மூடியில்லாத தொட்டி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுகிறார்கள். பரவாயில்லையா?

கூடாது. டிக்கிக்குள் ஒளிந்த பிள்ளைக்கு உள்ளிருந்து திறக்க வழியில்லை. பழைய கதவுப் பூட்டுகள் வெளியே திறக்கும், உள்ளே சிக்கும். வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட மிக வேகமாகச் சூடேறும். செங்கலிலோ ஜாக்கிலோ தூக்கி வைத்த வண்டி, மண் இளகினால் ஒரு பக்கமாகச் சரியும்.

இன்றே செய்யக்கூடியது: டிக்கியின் பூட்டுக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். அது மூடினாலும் பூட்டிக்கொள்ளாது. கதவுகளைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள் வையுங்கள். சாவியே இல்லையென்றால் கதவுப் பூட்டுகளையும் கழற்றுங்கள். வண்டி செங்கலில் நின்றால் உடனே இறக்குங்கள்.

ஏர்பேக் உள்ள வண்டி இத்தனை வருடம் கழித்தும் வெடிக்குமா?

வெடிக்கலாம். பேட்டரி இல்லாததால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பழைய ஏர்பேக்குகளில் சோடியம் அசைடு என்ற நச்சுப்பொருளும் இருக்கும். ஸ்டியரிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவதை விட்டுவிட்டு அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

பத்து வருடமாக நிற்கும் இன்ஜினை மறுபடி ஓட்ட முடியுமா?

பல நேரங்களில் முடியும். ஆனால் உற்சாகத்தில் புது பேட்டரி போட்டு, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்புகிறவர்கள்தான் நல்ல இன்ஜினைக் கொல்கிறார்கள். துருப்பிடித்த பிஸ்டன் வளையத்தைச் செல்ஃப் மோட்டார் பலவந்தமாகத் திருப்பினால் வளையம் உடைந்து சிலிண்டரைக் கீறும். மோட்டார் திருப்ப முடியாமல் போனால் அதுவும் கருகும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதே கொலைதான். முதல் சுற்று கையால்தான் சுற்ற வேண்டும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள். ஆயில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். டீசல் வண்டி என்றால் இன்ஜெக்டரை அல்லது ஹீட்டர் பிளக்கை எடுக்க வேண்டும். அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊடுருவும் எண்ணெய் கொஞ்சம் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் சரிபாதி கலந்து விடுகிறவர்களும் உண்டு. நன்றாக இறங்கும், ஆனால் எளிதில் பற்றிக்கொள்ளும், கவனம். பிறகு வண்டியை நியூட்ரலில் வைத்து, இன்ஜினைச் சுற்றும் தண்டின் முனையிலுள்ள கிராங்க் போல்ட்டில் நீளப் பிடியுள்ள ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசையவில்லையா, இன்னும் எண்ணெய் விட்டு இன்னும் காத்திருங்கள். இங்கே பொறுமைக்கு மாற்றாக எந்தக் கருவியும் இல்லை. முழுச் சுற்று சுதந்திரமாக வந்தபின்தான் அடுத்த வேலை.

பிஸ்டனையும் வால்வுகளையும் ஒத்திசைவாக ஓட்டும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அதை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்றுங்கள். ரப்பர் வயதால் வெடித்திருக்கும். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். செயின் உள்ள இன்ஜினில் இந்த அவசரம் இல்லை.

எரிபொருள் பக்கம் முழுவதும் சந்தேகத்துக்குரியது. பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் காற்றோடு வினைபுரிந்து பிசினாகிவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தேன் நிறத்தில் கெட்டியாக வார்னிஷ் போல ஒட்டியிருக்கும், மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை அடிக்கும். ஜெட் துளைகள் மயிரிழை அளவு என்பதால் சுத்தமாக அடைத்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, தொட்டியை உள்ளிருந்தே அரிக்கும். டீசலில் தண்ணீர் சேர்ந்தால் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சேறாகி ஃபில்டரை அடைக்கும். தொட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். ரப்பர் குழாய்களை யோசிக்காமல் மாற்றுங்கள்.

புது ஆயில், புது ஃபில்டர், சரியான கூலன்ட், புது பேட்டரி. நின்று நின்று தட்டுகளில் சல்பேட் படிந்த பழைய பேட்டரி முழு சார்ஜுக்குரிய 12.6 வோல்ட்டைக் காட்டினாலும் சுமை வந்ததும் படுத்துவிடும். பிளக்குகள் இல்லாமலேயே செல்ஃபைச் சில விநாடி சுற்றி, ஆயில் பிரஷர் விளக்கு அணைகிறதா பாருங்கள். அதன் பின்தான் பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்ப வேண்டும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்ஜின் ஓடிவிட்டது. ஒரு ரவுண்டு போகலாமா?

பிரேக் பார்க்காமல் ஓரடி கூடப் போகாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 என்ற தர வகையிலுள்ள புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தால் அதற்குரிய குறைந்தபட்ச அளவு 155 டிகிரி. சூட்டில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அதே ஈரம் வீல் சிலிண்டரையும் இரும்புக் குழாய்களையும் உள்ளே அரித்திருக்கும்.

டயரில் பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம்தான் இருந்தால் 2000க்கு முந்தையது. பத்து வருடம் தாண்டிய டயரை, பட்டன் எப்படி இருந்தாலும், சாலையில் போட வேண்டாம். வெயிலும் ஓசோனும் ரப்பரை வெடிக்க வைத்திருக்கும். வண்டியை இழுத்து வெளியே எடுக்க மட்டும் காற்றடித்துப் பயன்படுத்தலாம்.

சக்கரம் மண்ணில் புதைந்து கிடக்கிறது. எப்படி வெளியே எடுப்பது?

அப்படியே கட்டி இழுத்தால் சஸ்பென்ஷன் பிய்ந்து கையோடு வரும். சக்கரத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டி முன்பக்கம் சரிவு வெட்டுங்கள். துரு இல்லாத உறுதியான இடத்தில் ஜாக் கொடுத்து, கீழே அகலப் பலகை வைத்துத் தூக்கி, சக்கரத்தின் அடியில் பலகையைத் தள்ளுங்கள். வண்டியின் அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்தால் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். டிரம்மைச் சுற்றிலும் பரவலாகத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். கயிற்றைப் பம்பரில் கட்டாதீர்கள், இழுக்கும் கொக்கியிலோ சேஸிஸிலோ கட்டுங்கள். இழுக்கும்போது எல்லோரும் கயிற்றின் நீளத்துக்கும் மேலாகத் தள்ளி நிற்கட்டும். அறுந்த கயிறு ஆளை வெட்டும்.

மரம் வண்டிக்குள் முளைத்து மேலே வந்துவிட்டது. வெட்டலாமா?

வண்டி மீட்கக்கூடியதென்றால் அடியோடு வெட்டி, தண்டைத் துண்டு துண்டாக எடுங்கள். தகடு ஏற்கெனவே போய்விட்டது, மரம் நன்றாக வளர்ந்திருக்கிறது என்றால் நான் மரத்தின் பக்கம்தான். மரத்தைச் சுற்றித் தகட்டை வெட்டி எடுத்துவிடலாம்.

இது லட்சக்கணக்கில் போகும் அபூர்வ வண்டியாக இருக்குமோ?

அப்படி நடந்ததுண்டு. பிரான்சின் மேற்கில் ரோஜே பேயோன் என்ற லாரித் தொழிலதிபர் சேர்த்துவைத்த சுமார் 60 கார்கள், கொட்டகைகளிலும் தகரக் கூரைகளின் கீழும் பல பத்தாண்டு மறந்து கிடந்து 2014இல் வெளிச்சத்துக்கு வந்தன. 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் அதிலிருந்த ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் மட்டும் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மஜோரே ஏரியின் அடியில் கிடந்த 1925ஆம் ஆண்டு புகாட்டி டைப் 22 ஒன்றை 2009இல் தூக்கினார்கள். துருப்பிடித்த அந்த நிலையிலேயே அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

ஆனால் இவை தயாரானபோதே அரிதானவை. லட்சக்கணக்கில் தயாரான வண்டிக்குப் பழமை மட்டுமே விலை தராது. உங்கள் வண்டி என்னவென்று அறிய சேஸிஸ் எண்ணைப் படியுங்கள். 1981 முதல் பரவலாக 17 எழுத்து-எண் முறை வந்தது. அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதற்காக. எண் தகடு துருவில் மறைந்திருந்தால் கம்பி பிரஷ் போடாதீர்கள், எழுத்தே போய்விடும். ஊடுருவும் எண்ணெய் தடவி மென்மையான துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

அபூர்வம் என்று சந்தேகம் வந்தால் கழுவக்கூட வேண்டாம். அந்த மாடல் சங்கத்துக்காரர் ஒருவருக்குப் படம் அனுப்புங்கள். அசல் பெயின்ட்டும் அசல் சீட்டும் ஒரு முறை போனால் போனதுதான்.

நானே பெயின்ட்டைச் சுரண்டி, பிரேக்கைச் சுத்தம் செய்யலாமா?

உலர்ந்தபடி செய்யாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயமும், பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தகடுகளில் கல்நாரும் இருக்கலாம். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதுவது மிகக் கெட்ட பழக்கம். நனைத்துத் துடையுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள், அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

காயலான் கடைக்குக் கொடுத்தால் அந்த வண்டி என்ன ஆகும்?

வீணாகாது. ஒரு சாதாரண காரின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இரும்பும் எஃகும்தான். நொறுக்கி, காந்தத்தால் பிரித்து, உருக்கி மறுபடி எஃகாகும். பேட்டரியின் ஈயமும் திரும்பப் பயன்படும். சைலன்சர் வரிசையில் இருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கும். வெறும் இரும்பு எடைக்கு அதைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கொடுப்பதற்கு முன் இதே மாடல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். உற்பத்தி நின்றுபோன வண்டியின் கண்ணாடி, விளக்கு, கதவுக் கைப்பிடி, மீட்டர் எல்லாம் எங்கோ ஒருவர் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கும் பொருள். உங்கள் வண்டி ஓடாவிட்டாலும் அதன் பாகங்கள் மூன்று வண்டிகளை ஓட்டும்.

பதிவை முறையாக ரத்து செய்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் உயிரோடிருக்கும் எண்ணை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அப்பா ஓட்டிய வண்டி. ஓட வைக்க வசதியில்லை, கொடுக்கவும் மனமில்லை. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரும் அதில் உட்கார்ந்த இடம் நினைவிருக்கும். அதை எடைக்குப் போடச் சொல்வது எளிது, போடுவது எளிதில்லை. ஸ்வீடனில் பாஸ்ட்னாஸ் என்ற இடத்தில் காட்டுக்குள் நூற்றுக்கணக்கான பழைய கார்கள் பாசி படர்ந்து, நடுவில் மரம் முளைத்து நிற்கின்றன, அதைப் பார்க்கத் தொலைவிலிருந்து வருகிறார்கள். துருவிலும் ஓர் அழகு உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வைத்துக்கொள்வது வேறு, விட்டுவிடுவது வேறு. வைத்துக்கொள்வதென்றால் திரவம் அனைத்தையும் வடித்து, பேட்டரியை எடுத்து, டிக்கிப் பூட்டைக் கழற்றி, அடியில் தளம் போட்டு, மேலே கூரை போட வேண்டும். சேஸிஸில் உறுதியான முட்டுக் கொடுத்து டயரின் பாரத்தைக் குறையுங்கள். கதவு, அடிப்பெட்டித் துளைகளைத் திறந்து, உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் அடியுங்கள். லேசான துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானின் கலந்த துருமாற்றி போதும், ஓட்டை விழுந்த இடத்துக்கு அது உதவாது. ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் அதே நிலையில் நெடுங்காலம் நிற்கும்.

அதற்கும் இயலாவிட்டால் பெயர் பொறித்த தகடு, ஸ்டியரிங், மீட்டர் பலகை, ஒரு கதவு என்று எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். அவற்றைக் கழற்றும் முன், வண்டி முழுசாக நிற்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பழைய ரசீது, சர்வீஸ் புத்தகம் இருந்தால் ஈரம் தின்னும் முன் மீட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கிய நிலத்தில் யாருடையதோ பழைய வண்டி நிற்கிறது. நான் அகற்றிவிடலாமா?

நிலம் உங்களுடையது என்பதால் வண்டியும் உங்களுடையதாகிவிடாது. விற்றவரிடம் கேளுங்கள், பத்திரத்தில் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் பதிவு எண்ணையும் குறித்துப் போக்குவரத்து அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள். திருட்டு வண்டியாகவோ கடன் பாக்கியுள்ள வண்டியாகவோ இருக்கலாம். பதில் எழுத்தில் வரும்வரை பாகம் எதையும் கழற்றாதீர்கள். ஏதாவது சொட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அடியில் தட்டு வைத்துப் பிடியுங்கள், அப்படிப் பிடிப்பதையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.